செக்கு: விற்பனை ஏறுகிறது, கல்லாவில் காசு ஏறவில்லை. இது வளர்ச்சியா?

செக்கடி

வணக்கம். காங்கேயம் பக்கம் சின்னதாக ஒரு மரச்செக்கு வைத்திருக்கிறேன். கடலை, தேங்காய், எள் மூன்றும் ஆட்டுகிறோம். ஒரே செக்குதான். வாகை மர உலக்கை, 3 எச்.பி. மோட்டார். ஆட்டுவதற்கு ஓர் ஆள். பாட்டில் நிரப்புவது, கடையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நானும் வீட்டுக்காரியும்.

மார்ச் முடிந்ததும் மூன்று வருஷ நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சராசரி மாத விற்பனை, புண்ணாக்கும் சேர்த்து:

2023-24: 1.75 லட்சம்
2024-25: 1.95 லட்சம்
2025-26: 2.15 லட்சம்

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மச்சான் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "ரெண்டாவது செக்கு போட்டுடலாம் மாப்ள" என்கிறார். ஆனால் வீட்டுச் செலவுக்கு நான் எடுக்கும் பணம் மூன்று வருஷமாக அதேதான். முத்ரா கடன் தவணை ஒழுங்காகப் போகிறது, புதிதாக எதுவும் வாங்கவில்லை. இருந்தும் கரண்ட் அக்கவுண்டில் இருப்பு போன வருஷத்தைவிடக் குறைவு. வளர்ந்திருக்கிறோமா இல்லையா என்றே புரியவில்லை. சிறுதொழில் செய்பவர்கள் யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

சும்மா_ஒருவன்

லிட்டர் 260 ரூபாய்க்குக் கடலை எண்ணெய் விற்றுவிட்டு காசு எங்கே என்று எங்களையே கேட்கிறீர்கள். வாங்குகிற எங்களுக்குத்தான் தெரியும் அது எங்கே போகிறது என்று.

செக்கடி

அண்ணா, கோவிக்காமல் இந்தக் கணக்கைப் பாருங்கள். நிலக்கடலைப் பருப்பு 100 கிலோ, கிலோ 115 வீதம் 11,500 ரூபாய். செக்கில் ஆட்டினால் 40 கிலோ எண்ணெய் வரும். லிட்டருக்கு 910 கிராம் என்று வைத்தால் 44 லிட்டர். 260 வீதம் 11,440 ரூபாய்.

எண்ணெய் விற்ற காசு பருப்பு வாங்கிய காசுக்கே பத்தவில்லை, 60 ரூபாய் குறைவு. மிச்சம் இருப்பது புண்ணாக்கு. 56 கிலோ, 45 வீதம் 2,520. அதில்தான் பாட்டில், மூடி, லேபிள் (லிட்டருக்கு 14 ரூபாய்), ஆள் கூலி 650, மின்சாரம் ஒரு 100. எல்லாம் போக 1,100 ரூபாய் நிற்கும். கடை வாடகை அதற்கு அப்புறம்.

சும்மா_ஒருவன்

சரி, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் எண்ணெய் வியாபாரி இல்லை, புண்ணாக்கு வியாபாரி.

கணக்கர்_கரூர்

செக்கடி, நோட்டு வைத்திருப்பதே பெரிய விஷயம். ஆனால் ரூபாயை ஓரமாக வையுங்கள். எத்தனை லிட்டர் விற்றீர்கள்? மூன்று வருஷத்துக்கும், எண்ணெய் வாரியாகப் போடுங்கள்.

செக்கடி

தேடி எடுத்தேன். மாதச் சராசரி, லிட்டரில்.

2023-24: கடலை 330, தேங்காய் 140, எள் 120. மொத்தம் 590.
2024-25: கடலை 340, தேங்காய் 150, எள் 130. மொத்தம் 620.
2025-26: கடலை 345, தேங்காய் 110, எள் 130. மொத்தம் 585.

கூட்டிப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கணக்கர்_கரூர்

ரூபாயில் இரண்டு வருஷத்தில் 23 சதவீதம் ஏற்றம். லிட்டரில் 5 லிட்டர் இறக்கம். அதாவது தொழில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, விலைதான் ஏறியிருக்கிறது. உங்களுக்கு மட்டுமில்லை, என்னிடம் கணக்குக்கு வரும் எண்ணெய்க்காரர்கள் பாதிப்பேருக்கு இதே கதைதான்.

வருஷம் வருஷமாகப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் இறக்குமதி எண்ணெய்க்குச் சுங்கவரியை ஏற்றினார்கள். கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி மூன்றுக்கும் செஸ் எல்லாம் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்த வரி 27.5 ஆனது. பாக்கெட் எண்ணெய் விலை ஏறியது. செக்கெண்ணெய்க்கும் பாக்கெட்டுக்கும் இருந்த இடைவெளி குறைந்ததும் "இன்னும் கொஞ்சம் போட்டு நல்லதாகவே வாங்கிவிடலாம்" என்று சிலர் உங்கள் பக்கம் வந்திருப்பார்கள். அந்த 620 லிட்டரில் ஒரு பங்கு அது என்பது என் ஊகம். 2025 மே கடைசியில் அதே வரியை 16.5க்கு இறக்கிவிட்டார்கள்.

அடுத்தது தேங்காய். 2025இல் கொப்பரை என்ன ஆட்டம் ஆடியது என்று காங்கேயத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரைவைக் கொப்பரைக்கு அந்த வருஷ ஆதரவு விலை குவிண்டால் 11,582 ரூபாய். சந்தையில் கிலோ 200ஐத் தாண்டி விற்றது. நீங்கள் 110 லிட்டர் விற்று, 150 லிட்டர் விற்ற வருஷத்தைவிட அதிக ரூபாய் பார்த்திருப்பீர்கள். சரியா?

இப்போது காசு எங்கே என்ற கேள்வி. கடையில் எப்போதும் எத்தனை மூட்டை கொப்பரை இருப்பு வைப்பீர்கள்?

செக்கடி

ஆமாம், தேங்காய் எண்ணெய் 460 வரை விற்றேன். கொப்பரை பத்து மூட்டைக்குக் குறையாமல் வைத்திருப்பேன், 50 கிலோ மூட்டை. மழைக்காலத்தில் நல்ல கொப்பரை கிடைக்காது, கந்தகப் புகை போட்டதுதான் வரும். அதனால் முன்கூட்டியே வாங்கி வைப்பது வழக்கம்.

கணக்கர்_கரூர்

500 கிலோ. கிலோ 110 விற்றபோது அதில் முடங்கியது 55,000. கிலோ 220 ஆனபோது அதே பத்து மூட்டைக்கு 1,10,000. எள், கடலை இருப்பையும் இப்படியே பாருங்கள். பாட்டிலில் நிரப்பி ஷெல்ஃபில் நிற்பதையும் சேருங்கள். உங்கள் கரண்ட் அக்கவுண்டில் குறைந்த பணம் எங்கேயும் ஓடவில்லை, மூட்டையாகக் கடையில் அடுக்கியிருக்கிறது. விலை இறங்கினால் அதில் ஒரு பகுதி ஆவியாகும், அது வேறு விஷயம்.

அதனால் மார்ச் 31 அன்று இருப்பை எடை போட்டு எழுதாமல் லாபம் நஷ்டம் பேசவே கூடாது. கடை மூடிய பிறகு தராசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை.

ஸ்கேல்_தம்பி

எல்லாரும் பின்னாடியே பார்க்கிறீங்களே. அண்ணா, லிட்டர் ஏறணும்னா சந்தையைப் பெருசாக்கணும். இன்ஸ்டாவில் செக்கு ஓடும் ரீல்ஸ் போடுங்க, உலக்கை சுத்துறதை நிறையப் பேர் பார்ப்பாங்க. பெங்களூர், ஹைதராபாத்தில் நம்ம ஆட்கள் எவ்வளவு பேர் இருக்காங்க. அவங்களுக்கு லிட்டர் 350 பெரிய காசு இல்ல. உணவு பதப்படுத்தும் சிறு நிறுவனங்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 2025-26 வரை 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம் வரை கொடுத்தாங்க, இப்பவும் இருக்கான்னு விசாரிங்க. மச்சான் சொல்றது சரி, ரெண்டாவது செக்கைப் போட்டுடுங்க.

கணக்கர்_கரூர்

தம்பி, ரீல்ஸ் போடட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் வெளி மாநிலத்துக்கு ஒரு பாட்டில் விற்றாலும் ஜிஎஸ்டி எண் வேண்டும். பொருள் விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்பவருக்கு. 1 சதவீதம் கட்டும் காம்போசிஷன் திட்டத்திலும் வெளி மாநில விற்பனை கூடாது. முறைப்படி 5 சதவீதம் கட்டிப் போக வேண்டும். உழவரிடம் நேராகக் கடலை வாங்கினால் கழித்துக்கொள்ள உள்வரியும் (வாங்கும்போது கட்டிய வரி) இருக்காது. 100 கிலோவுக்கு 1,100 ரூபாய் நிற்கிற தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது செக்குக்கு வருகிறேன். செக்கடி, ஒரு தடவைக்கு எத்தனை கிலோ போடுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஓடும்?

செக்கடி

கடலை 15 கிலோ. முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். எள் என்றால் கருப்பட்டி போட்டு ஆட்ட வேண்டும், கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

கணக்கர்_கரூர்

585 லிட்டருக்கு மாதம் சுமார் 1,225 கிலோ சரக்கு ஆட்டுகிறீர்கள். 15 ஆல் வகுத்தால் 82 தடவை. 26 நாள் வேலை என்றால் நாளைக்கு மூன்று தடவை சொச்சம். உங்கள் செக்கு நாளில் மூன்று மணி நேரம் ஓடுகிறது. மீதி நேரம் சும்மா நிற்கிறது. இதற்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டும் சும்மா நிற்கும். மானியம் 35 என்றால் மீதி 65 உங்கள் தலையில்தான், பெரும்பகுதி வங்கிக் கடனாக.

இன்னொன்று. மேலே 100 கிலோவுக்கு ஆள் கூலி 650 என்று போட்டீர்கள். அது ஒரு நாள் கூலி. ஆனால் ஒரு நாளில் நீங்கள் ஆட்டுவது 47 கிலோதான். அப்படியானால் 100 கிலோவுக்குக் கூலி 1,380 ஆகிறது. அந்த 1,100 ரூபாய் லாபம் 400க்குள் வந்துவிடும்.

செக்கடி

ஐயா, அது முழுக்கச் சரியில்லை. ஆள் மீதி நேரம் சும்மா இருப்பதில்லை. மூட்டை இறக்குவார், கடலையில் கல் பொறுக்குவார், டின் கழுவுவார், எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விட்டு வடிப்பதும் அவர்தான். செக்குக் கூலி என்று முழுவதையும் அதில் ஏற்ற முடியாது. ஆனால் மூன்று மணி நேரக் கணக்கு சரிதான். மச்சானிடம் இதைக் காட்டினால் கொஞ்ச நாள் பேச மாட்டார்.

பொடியக்கா_நெல்லை

தம்பி, நான் திருநெல்வேலியில் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி போடுகிறேன். ஐயா சொன்ன லிட்டர் கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் அதுவும் பாதிதான் சொல்கிறது. அந்த 585 லிட்டரை வாங்கியது யார்? போன வருஷம் வாங்கியவர்களேவா, இல்லை தினம் ஒரு புது முகமா?

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு வரி. வாங்கும்போதெல்லாம் தேதியும் கிராமும் அந்த வரியிலேயே எழுதுவேன். ஒரு வீட்டில் 200 கிராம் பொடி எத்தனை நாளில் தீரும் என்று அந்த வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தீர வேண்டிய நாள் தாண்டி வரவில்லை என்றால் நானே போனில் கூப்பிடுவேன். ஊருக்குப் போயிருப்பார்கள், இல்லை காரம் கூடிப்போயிருக்கும். மூன்று வீட்டில் ஒரே சமயம் காரம் என்றால் மிளகாய் மாறியிருக்கிறது என்று அர்த்தம். விற்பனை குறைவதற்கு முன்பே எனக்கு அது தெரிந்துவிடும். எண்ணெய்க்கும் இது பொருந்தும். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

இன்னொன்று, மாதத்துக்கு மாதம் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். தீபாவளிக்கு முன்னால் முறுக்கு, அதிரசத்துக்கு வாங்குவார்கள், கார்த்திகையில் விளக்குக்கு வாங்குவார்கள். ஐப்பசியை ஆடியோடு வைத்துப் பார்த்தால் ஆனந்தக் கூத்தாடலாம், ஆடியை ஐப்பசியோடு வைத்தால் கடையை மூடலாம். இந்த ஐப்பசியைப் போன ஐப்பசியோடு வையுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்காரி பாட்டில் நிரப்புகிறார் என்றீர்கள். அவருக்குச் சம்பளம் எந்த வரியில் எழுதியிருக்கிறீர்கள்?

செக்கடி

எழுதவில்லை அக்கா. என் சம்பளமும் எழுதவில்லை. வீட்டுக்கு எடுப்பதை "சொந்தச் செலவு" என்று போட்டிருக்கிறேன்.

பொடியக்கா_நெல்லை

அப்படியானால் அவர் இடத்தில் ஓர் ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். கொடுக்க முடிகிறதோ இல்லையோ, எழுதுங்கள். நான் எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒரு பொடி நஷ்டத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்தேன். கருவேப்பிலை உருவுவதற்கு நேரம் கணக்கில்லாமல் போயிருந்தது. விலையை ஏற்றினேன். வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள்.

மண்டி_திண்டிவனம்

கடலை மண்டி நம்மளது. செக்குக்காரர்கள் விலையை மட்டும் பேசுகிறார்கள், ஈரத்தைப் பேச மாட்டேன் என்கிறார்கள். 3 ரூபாய் குறைவு என்று ஈரக் கடலை எடுத்தால், காய்ந்த பிறகு எடை குறையும். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெயில் காறல் வாடை வரும். பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தோலோடு வாங்கினால் கையில் எடுத்துக் குலுக்குங்கள், உள்ளே பருப்பு சத்தம் போட வேண்டும். செக்கடி, 40 கிலோ வருகிறது என்றீர்களே, அது எல்லா லாட்டிலுமா?

செக்கடி

இல்லை. 38க்கும் இறங்கியிருக்கிறது, 42ம் வந்திருக்கிறது. லாட் வாரியாக எழுதி வைக்கவில்லை.

மண்டி_திண்டிவனம்

2 கிலோ என்றால் 2 லிட்டருக்கு மேல். 500 ரூபாய் சொச்சம். புண்ணாக்காக 90 ரூபாய் திரும்பி வரும். கணக்கர் ஐயா சொன்ன அந்த 400 ரூபாய் லாபம் ஒரு மோசமான லாட்டில் காணாமல் போய்விடும். யாரிடம் வாங்கிய மூட்டை எத்தனை கிலோ கொடுத்தது என்று எழுதுங்கள். என்னிடம் வாங்கியதையும் எழுதுங்கள், பயப்பட மாட்டேன்.

ஸ்கேல்_தம்பி

கூரியர் பத்தி யாரும் சொல்லலையே, அதையும் கேட்டுக்கிறேன். லீக் ஆகுமா?

பொடியக்கா_நெல்லை

பொடியே பிரிந்து வருகிறது தம்பி, எண்ணெய் என்னாவது? டின்னில் அனுப்பினால் தப்பும். டின் விலை யார் கொடுப்பது என்பதுதான் பேச்சு.

செக்கடி

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஊரில் ஒரு ஓட்டலுக்கு மாதம் 80 லிட்டர் கடலை எண்ணெய் போகிறது. விலை குறைத்துத்தான் கொடுக்கிறேன். காசு வர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகிறது. அந்த 80 லிட்டரை எடுத்துவிட்டால் கடலை விற்பனையில் நாலில் ஒரு பங்கு போய்விடும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

கணக்கர்_கரூர்

உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) செய்திருக்கிறீர்களா? இலவசம்தான், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். 2006ஆம் வருஷ எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாமதமானால் வட்டி உண்டு. 1961ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2023-24 கணக்கிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கிற வருஷம் வரை அவர் செலவாகக் காட்ட முடியாது. ஓட்டலின் ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துக் கொடுங்கள், அதுவே பாதி வேலை செய்யும்.

மண்டி_திண்டிவனம்

ஐயா, சட்டமெல்லாம் சரி. 80 லிட்டருக்கு எவன் வழக்குப் போடுவான்? நாளைக்கே ஓட்டல்காரர் வேறு செக்குக்குப் போய்விடுவார்.

பொடியக்கா_நெல்லை

போகட்டுமே. விலையும் குறைவு, மூன்று மாதக் கடன் வேறு. புண்ணாக்குக் காசைத்தானே அவருக்குக் கடனாகக் கொடுக்கிறார்?

பால்மாடு

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். தாராபுரம் பக்கம் நாலு மாடு வைத்திருக்கிறேன். மேலே எல்லாரும் புண்ணாக்கில்தான் லாபம் என்கிறீர்கள், ஆனால் அதை எப்படி விற்பது என்று யாரும் பேசவில்லை. மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருக்கும், கையில் பிடித்தாலே தெரியும். பெரிய மில்லில் எண்ணெயை ஒட்ட எடுத்துவிடுவார்கள். எங்களுக்குச் செக்குப் புண்ணாக்குக்கு 2, 3 ரூபாய் கூடக் கொடுப்பதில் கஷ்டமில்லை. கஷ்டம் என்னவென்றால் போகிற அன்று இருக்காது. இல்லையென்றால் பழசாகிப் பூசணம் பூத்திருக்கும். "இந்தக் கிழமை புதுசு கிடைக்கும்" என்று சொல்கிற செக்கு எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம், எங்கள் தோட்டத்துக் கடலையையும் தேங்காயையும் ஆட்டித் தருவீர்களா? முன்பெல்லாம் புண்ணாக்கைச் செக்குக்காரருக்கே விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் தூக்கிலே வாங்கி வருவோம். கூலி கிடையாது.

கணக்கர்_கரூர்

செக்கடி, இவர் சொல்வதைக் கவனியுங்கள். கூலிக்கு ஆட்டினால் சரக்கு அவருடையது, விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்குக் கவலையில்லை. மூட்டையில் காசு முடங்காது, பாட்டில் செலவு இல்லை. சும்மா நிற்கிற செக்குதான் ஓடும். 15 கிலோ ஆட்டினால் 8 கிலோவுக்கு மேல் புண்ணாக்கு உங்களுக்கு. 45 வீதம் 370 ரூபாய் சொச்சம்.

ஆனால் அதையும் லிட்டர் நோட்டில் கலந்து எழுதாதீர்கள். தனிப் பக்கம் போடுங்கள்.

செக்கடி

கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தச் சரக்கு ஆட்டும்போது நடுவில் புகுந்தால் ஒவ்வொரு தடவையும் செக்கைக் கழுவ வேண்டும் என்று தட்டிக் கழித்து வந்தேன். எள் ஆட்டிய செக்கில் தேங்காயைப் போட்டால் வாசனை ஏறிவிடும். கிழமை பிரித்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் கூலி ஆட்டம், கடலைக்கு ஒரு நாள், தேங்காய்க்கு ஒரு நாள் என்று வைத்துப் பார்க்கிறேன். ஓட்டலுக்கு அடுத்த பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு, பழைய பாக்கி வந்த பிறகுதான் புது டின் என்று சொல்லப் போகிறேன். அவர் போனால் போகட்டும், அந்த 80 லிட்டர் பருப்புக் காசு கையில் இருக்கும்.

வீட்டுக்காரி இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டாள். சம்பள வரியில் தொகையை அவளே எழுதிவிட்டாள். அக்கா, உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நான் இன்னும் சொல்லவில்லை.

பொடியக்கா_நெல்லை

எவ்வளவு எழுதினார்?

செக்கடி

ஆள் கூலியைவிடக் கூட.

பால்மாடு

செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை கடலை கொண்டு வரட்டுமா? பருப்பு உடைத்ததுதான். புண்ணாக்கை விட்டுவிடுகிறேன், ஆனால் அதிலேயே பத்து கிலோ காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

சும்மா_ஒருவன்

அவர் புண்ணாக்கை அவருக்கே விற்கிறீர்கள். இதை நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள், கணக்கர் ஐயா?

கணக்கர்_கரூர்

புண்ணாக்கு விற்பனை. ஆட்டிய அன்றே கூலியாகச் செக்கடி கணக்குக்கு வந்துவிட்டது. கிலோவுக்கு 47 கேளுங்கள், செக்கடி. 2 ரூபாய் கூடக் கொடுப்பதாக அவரே எழுதியிருக்கிறார்.